ஆறாவது செம்பு

குளிக்கிற தண்ணீர் விஷயத்தில் எங்கள் ஊர்க்காரர்களைத் திருத்தவே முடியாது. சுருளியில் அருவி விழுகிறது, வாய்க்காலில் பெரியாற்றுத் தண்ணீர் ஓடுகிறது, தோட்டத்துக்குத் தோட்டம் கிணறு இருக்கிறது. இருந்தும் வெள்ளிக்கிழமை வந்தால் உச்சியில் எண்ணெயை வைத்து அரக்கித் தேய்த்து, தோல் சிவக்கிற சூட்டில் வெந்நீரைச் செம்பு செம்பாக மண்டையில் கொட்டிக்கொண்டால்தான் அவர்களுக்குக் குளித்த மாதிரி இருக்கும். வெதுவெதுப்பாக ஊற்றினால் போதாதா என்று கேட்டால், நர்ஸம்மாவுக்கு விறகு மிச்சம் பிடிக்க ஆசை என்பார்கள்.

அந்த நர்ஸம்மா நான்தான். பெயர் கஸ்தூரியம்மாள், ஊர் காமயகவுண்டன்பட்டி, வயது ஐம்பத்து நான்கு. மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்து, எண்பத்திரண்டில் ஊருக்கு வந்தவள். என்னை யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை, இன்ஸ்பெக்டர் தம்பி. காலை ஏழரை டவுன் பஸ்ஸில் நானே டிக்கெட் வாங்கி வந்தேன். உங்கள் ரைட்டர் ஒச்சாண்டி, ஆடு காணோம் என்று புகார் சொல்ல வந்த கிழவி என நினைத்து ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார். கோபமில்லை. ஆஸ்பத்திரியில் நானும் பல பேரை அப்படி உட்கார வைத்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை என் தம்பி சீனிச்சாமியின் மனைவி பூமாரி இறந்துபோனாள். உத்தமபாளையத்தில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் ஞானதுரை, வலிப்பு நோயால் இயற்கை மரணம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். பிணத்தை எடுத்தாயிற்று, சாம்பலும் கரைத்தாயிற்று. ஊரில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை, என் தம்பிக்கும் இல்லை. ஆனால் அந்தச் சர்ட்டிபிகேட்டில் எழுதியிருப்பது தவறு. அதைத் திருத்தத்தான் வந்திருக்கிறேன்.

வலிப்பு என்று ஒரே சொல்லில் சொல்கிறோம். அது ஒன்றல்ல. எங்கள் ஊரைப் பொறுத்தவரை ஒருவன் மரம் மாதிரி விழ வேண்டும், கை கால் வெட்ட வேண்டும், வாயில் நுரை தள்ள வேண்டும். அப்போதுதான் வலிப்பு என்று ஒப்புக்கொள்வார்கள். விழுந்தவனிடம் முதலில் ஓடி வருவது சாவிக்கொத்து, மனிதர்கள் அதற்குப் பின்னால்தான் வருவார்கள். அந்தப் பெரிய வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக நிற்கும். சாவி கொடுத்தாலும் நிற்கும், சாணி கொடுத்தாலும் நிற்கும். ஆனால் பெயரைச் சாவி தட்டிக்கொண்டு போய்விடும்.

நான் நரம்பு வார்டில் மட்டும் பதினோரு வருடம் இருந்தேன். போடியிலிருந்து ஒரு ஏலக்காய் வியாபாரி வந்தார். பேசிக்கொண்டே இருப்பார், திடீரென்று உதட்டைச் சப்புக்கொட்டுவார், சட்டைப் பொத்தானைக் கழற்றி மாட்டுவார், எழுந்து எதிர்க்கடைக்குள் நடந்துபோய் அங்கே இருக்கும் தராசுத் தட்டைத் துடைத்து வைப்பார். இரண்டு நிமிடம் கழித்துக் கேட்டால் எதுவும் நினைவிருக்காது. நுரை இல்லை, விழவில்லை. வீட்டார் ஏழு வருடம் அவரைக் குடிகாரர் என்று நினைத்து, மூன்று கோயிலில் கயிறு கட்டியிருந்தார்கள். அதுவும் வலிப்புதான், தம்பி. மூளையில் காதோர நெற்றிப்பொட்டுக்குப் பின்னால் இருக்கிற பகுதியிலிருந்து வருவது.

ஒரு சின்னப் பெண், மூன்றாம் வகுப்பு. ஏழெட்டு என்று வாய்ப்பாடு சொல்லி நிறுத்துவாள். கண் மட்டும் எங்கோ நிலைக்கும், இமை லேசாகத் துடிக்கும். பத்து விநாடியில் திரும்பி வந்து ஐம்பத்தாறு என்பாள். ஒரு நாளைக்கு இருபது முறை இப்படிப் போய் வருவாள். வாத்தியார் கவனக்குறைவு என்று காதைத் திருகித் திருகியதில், காதில் புண்ணோடு கொண்டுவந்தார்கள். இன்னொரு தையல்காரருக்கு இடது கட்டைவிரலில் துடிப்பு ஆரம்பிக்கும். அங்கிருந்து மணிக்கட்டு, முழங்கை, தோள், கன்னம் என்று படி ஏறுவது போல் ஏறும். நினைவு தப்பாது. "ஏறுது சிஸ்டர், ஏறுது, இப்ப முழங்கைக்கு வந்துருச்சு" என்று அவரே சொல்லிக்கொண்டிருப்பார். இதெல்லாம் தெரிந்தால்தான் எந்த மருந்து என்று தெரியும். ஒன்றுக்குக் கொடுக்கிற மாத்திரை இன்னொன்றைக் கிளப்பிவிடவும் செய்யும்.

நான் நர்ஸ்தான். கண்டுபிடித்துச் சொல்வது டாக்டர்கள் வேலை, தட்டைப் பிடிப்பது என் வேலை. பல தடவை அவர்களுக்கு முன்பே எனக்குத் தெரிந்திருக்கிறது. சொன்னதும் உண்டு. "அப்படியா சிஸ்டர்" என்பார்கள். மறுநாள் ரவுண்ட்ஸில் அதையே தங்கள் வாயால் சொல்வார்கள், மாணவர்கள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். இருபத்தாறு வருடம் எனக்கு இது வலித்தது. வெளியில் சொன்னதில்லை, இன்றைக்குத்தான் சொல்கிறேன்.

சரி, பூமாரிக்கு வருகிறேன். சுருளிப்பட்டிப் பெண். வயது இருபத்திரண்டு. போன வருடம் வைகாசியில் கல்யாணம். நல்ல பெண், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. திராட்சைக் குலையைக் கூடையில் அடுக்கும்போது ஒரு பழம் நசுங்காது. காரணமே இல்லாமல் சிரிப்பாள். என்னை மதினி மதினி என்று சுற்றி வருவாள், ஆஸ்பத்திரிக் கதைகளைக் கேட்டு வாயைப் பிளப்பாள். என் தம்பிக்கு அவள்மேல் கொள்ளை ஆசை. எனக்கும்தான். நான் அவளை வெறுத்தேன் என்று எழுதிவிடாதீர்கள், அது பொய்.

கல்யாணமாகி மூன்றாவது வெள்ளிக்கிழமை, கொல்லையில் தட்டி மறைப்புக்குள் நானே அவளுக்குத் தலைக்கு ஊற்றினேன். ஐந்து செம்பு வரைக்கும் பேசிக்கொண்டிருந்தாள். ஆறாவது செம்பில் பேச்சு நின்றது. கண் ஒரே இடத்தில் குத்தி நின்றது. ஆனால் கை தானாக அண்டாவுக்குள் போய் தண்ணீரை மொண்டு மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டது. அப்புறம் கழுத்து இடப்பக்கம் திரும்பியது, சரிந்தாள், வெட்டியது. இரண்டரை நிமிடம். பக்கத்து வீட்டு மொக்கம்மாள், எங்களுக்குச் சின்னம்மா முறை, எங்கிருந்தோ சாவிக்கொத்தோடு வந்துவிட்டாள்.

"ஏலே சீனி, பொண்ண நல்லா விசாரிச்சா கட்டுன? காக்கா வலிப்புக்காரியத் தலையில கட்டிட்டாகளேடா" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

எனக்கோ உடம்பு சிலிர்த்துப் போயிருந்தது. ஏனென்றால் நான் பார்த்தது எதுவென்று எனக்குத் தெரியும். வார்டில் ஒரு முறை பெங்களூர்ப் பக்கமிருந்து வந்த டாக்டர் ஒருவர் இதைப் பற்றிப் பேசினார். சூடான தண்ணீரைத் தலையில் வேகமாக ஊற்றினால் மட்டும் சிலருக்கு வருகிற வலிப்பு. கன்னட தேசத்தில் நிறைய, நம் பக்கமும் உண்டு. வேறு எப்போதும் வராது. எங்கள் மதுரை டாக்டர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டு கேட்டார்கள். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டேன்.

சோதித்துப் பார்த்தேன். ஒரு மாதம் பச்சைத் தண்ணீரில் குளிக்க வைத்தேன், ஒன்றும் வரவில்லை. ஐந்தாவது வெள்ளி வெந்நீர் ஊற்றினேன், வந்தது. மறுபடி மூன்று வாரம் வெதுவெதுப்பு, வரவில்லை. வெந்நீர், வந்தது. அதே ஆறாவது செம்பு. இவ்வளவு சுத்தமான ஒரு கேஸை எந்தப் பெரிய டாக்டரும் தன் ஆயுசில் பார்த்திருக்க மாட்டார். அது என் வீட்டுக் கொல்லையில் பலகைமேல் உட்கார்ந்திருந்தது.

நீங்கள் இப்போது கேட்க நினைப்பது தெரிகிறது. வெந்நீரை விட்டால் போதுமே, அத்தோடு முடிந்ததே என்று. வாஸ்தவம். வைத்தியம் அவ்வளவுதான். தலையில் சூடு படாமல் குளித்தால் அவள் எண்பது வயது வரை இருந்திருப்பாள்.

நானும் தம்பியும் பூமாரியை ஞானதுரையிடம் கூட்டிப்போனோம். முப்பது வயது இருக்கும். அப்பா தேனியில் ஜவுளிக்கடை, பிள்ளை டாக்டர். நான் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவர் சிரித்தார். வாய்விட்டுக்கூட இல்லை, மூக்கால் சிரித்தார்.

"வெந்நில வலிப்பா? அப்ப ஊர்ல பாதிப் பேருக்கு வரணுமேம்மா. இதெல்லாம் சாதாரண வலிப்பு. குளிக்கிற நேரத்துல வந்துருக்கு, அவ்வளவுதான். எந்த வலிப்பா இருந்தா என்ன, ராத்திரி ஒரு கார்டினால் போடச் சொல்லுங்க. நீங்க மாத்திரைய மட்டும் ஒழுங்காக் குடுத்தாப் போதும்."

எந்த வலிப்பாக இருந்தால் என்ன என்று கேட்டார், தம்பி. என் தம்பி தலையை ஆட்டினான். "டாக்டர் சொல்றாகல்லக்கா, நீ சும்மா இரு" என்றான். அப்பா இல்லாத காலத்தில் ரத்தம் விற்காத குறையாக நான் வேலை பார்த்துப் படிக்க வைத்த தம்பி.

மாத்திரை கொடுத்தேன். அதில் வந்ததுதான் பெரிய சங்கடம். மாத்திரை போட்ட பிறகு வெந்நீர் ஊற்றினாலும் வலிப்பு வரவில்லை. ஞானதுரை சொன்னது ஜெயித்துவிட்டது. மொக்கம்மாள்கூட, "சின்னப் புள்ள டாக்டரு, பொசுக்குனு கண்டுபிடிச்சுட்டாகளே" என்றாள். தவறான காரணம் சொன்ன ஒருவன் சரியான பேரை வாங்கிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா? ஒரு கேஸை நீங்கள் துப்புத் துலக்க, மேலதிகாரி மெடல் வாங்கினால் தெரியும்.

இதற்கிடையில் மொக்கம்மாள் சும்மா இருக்கவில்லை. காக்காய் வலிப்பு என்றால் கல்யாணமே செல்லாதாம், கோர்ட்டில் எழுதிக் கொடுத்தால் தீர்த்துவிடுவார்களாம், யாரோ வக்கீல் குமாஸ்தா சொன்னாராம். தம்பி காதில் ஓதிக்கொண்டே இருந்தாள். அவன் பிடிகொடுக்கவில்லை, ஆனால் மறுத்தும் பேசவில்லை. பூமாரி சிரிப்பதை நிறுத்திவிட்டாள். ஒரு நாள் பழம் அடுக்குகிற இடத்தில் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"மதினி, என்னைய சுருளிப்பட்டிக்கே அனுப்பிருவாகளா? எங்க அப்பா தாங்க மாட்டாரு மதினி. எனக்குப் பின்னால ரெண்டு தங்கச்சி இருக்காளுக."

"உனக்கு இருக்கது காக்கா வலிப்பே இல்லத்தா. வெந்நினால வர்றது. டாக்டர் கண்ணால பாத்து, அப்படின்னு ஒரு காயிதத்துல எழுதிக் குடுத்துட்டாருன்னா ஒருத்தரும் உன்னைய ஒண்ணும் சொல்ல முடியாது."

"பாத்தா எழுதிருவாகளா?"

"பாத்தா எழுதித்தான் ஆகணும்."

"அப்ப நீங்களே ஊத்துங்க மதினி. நீங்க பக்கத்துல இருந்தா எனக்குப் பயமில்ல" என்றாள்.

இதைக் கவனமாக எழுதிக்கொள்ளுங்கள். அவள் சம்மதத்தோடுதான் நடந்தது.

ஞானதுரையைக் கூப்பிட்டேன். ஞாயிறு சர்ச் முடிந்து வருகிறேன் என்றார், வரவில்லை. அடுத்த ஞாயிறு சொந்தக்காரர் கல்யாணம். இரண்டு முறையும் அண்டாவில் தண்ணீர் தயாராகக் கொதித்துவிட்டது. சுட வைத்ததை வீணாக்குவானேன் என்று ஊற்றினேன். இரண்டு முறையும் வந்தது. மொக்கம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அந்த அம்மாளுக்கு எப்படிப் புரியும், சாவியோடுதான் வந்தாள். பூமாரி விழுந்து எழுந்து மண்டை இடிக்கிறது என்று அழுதாள். "இன்னொரு தடவதான்த்தா, டாக்டர் வந்துட்டா முடிஞ்சுச்சு" என்று தலையைத் துவட்டிவிட்டேன். ஊரில் என்னைப் போல நாத்தனார் யாருக்கு வாய்க்கும் என்று பேசிக்கொண்டார்கள். அது என் காதிலும் விழுந்தது, நன்றாகத்தான் இருந்தது.

மூன்றாவது ஞாயிறு, அதாவது போன வாரம், டாக்டர் வந்தேவிட்டார். வெள்ளைச் சட்டை, சென்ட் வாசனை. மதியம் எங்கேயோ விருந்தாம், சீக்கிரம் முடிக்கச் சொன்னார். பூமாரி மார்புக்கு மேல் பாவாடையைக் கட்டிக்கொண்டு பலகையில் உட்கார்ந்தாள். டாக்டர் தட்டிக்கு வெளியே நின்றார். ஊற்றினேன், வாய்விட்டு எண்ணிக்கொண்டே ஊற்றினேன். ஆறு என்றதும் கண் நிலைத்தது, கை அண்டாவைத் தேடியது. "இப்ப பாருங்க டாக்டர்" என்றேன். எட்டிப் பார்த்தார். கழுத்து இடப்பக்கம், சரிவு, வெட்டு. மூன்று நிமிடம், நின்றது. என் வாழ்நாளில் அதைவிட அழகாக ஒரு நோயை யாரும் யாருக்கும் காட்டியிருக்க முடியாது.

அவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சரி, வந்துச்சு. தற்செயலாக்கூட இருக்கலாம்லம்மா. ஒரு தடவ பாத்து எப்பிடிச் சொல்ல முடியும்?"

சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். தம்பி அவருக்குத் திராட்சைச் சாறு கொடுத்துக்கொண்டிருந்தான்.

ஒரு தடவை பார்த்துச் சொல்ல முடியாது. நியாயமான பேச்சு, ஆராய்ச்சி என்றால் அப்படித்தான். பூமாரி அரைக்கண் திறந்து, "எழுதிட்டாகளா மதினி?" என்று கேட்டாள். நாக்கு குழறியது. இன்னும் இல்லத்தா என்றேன். நிமிர்த்தி உட்கார வைத்தேன். உட்கார முடியாமல் என் முழங்காலில் சாய்ந்தாள். அண்டாவில் பாதித் தண்ணீர் இருந்தது. சாய்ந்தபடியே இருக்கட்டும் என்று ஊற்றினேன். இந்த முறை ஆறு வரைக்கும் போகவில்லை, மூன்றிலேயே வந்தது. டாக்டர், டாக்டர் என்று கூப்பிட்டேன். தம்ளரோடு வந்தார்.

அது நிற்கவில்லை. ஒன்று முடிவதற்குள் அடுத்தது, நடுவில் நினைவு திரும்பவே இல்லை. அப்படி விடாமல் வருவதற்கும் தனிப் பெயர் உண்டு. உடனே ஊசி போட வேண்டும். விருந்துக்குக் கிளம்பியவர் பையில் ஊசி எப்படி இருக்கும்? மொக்கம்மாள் அவள் கையில் சாவியைத் திணித்தாள், என் தம்பி பூமாரி பூமாரி என்று கத்தினான். அவருடைய காரிலேயே போட்டுக்கொண்டு உத்தமபாளையம் போனோம். பின் சீட்டில் அவள் தலை என் மடியில் இருந்தது. கையில் வாட்ச் இருந்தது, அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். மொத்தம் நாற்பத்தேழு நிமிடம். கிளினிக் வாசலில் அடங்கியது. தம்பி கார்க் கதவில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். எனக்கும் அழுகை வந்தது, தம்பி. பொய் சொல்லவில்லை, வந்தது.

மாத்திரை ஒழுங்காகப் போட்டுக்கொண்டிருந்தவளுக்கு மறுபடி எப்படி வந்தது என்று கேட்கிறீர்கள். இத்தனை நாளில் இதைக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். ஞானதுரைகூடக் கேட்கவில்லை. கேட்டால் தானும் அங்கே நின்றதைச் சொல்ல வேண்டியிருக்குமே.

மாத்திரையை நான் நிறுத்திவிட்டேன். அவர் வருவதாகச் சொன்ன ஒவ்வொரு ஞாயிற்றுக்கும் நான்கு நாள் முன்னால் நிறுத்துவேன், அவர் வராவிட்டால் மறுநாளிலிருந்து மறுபடி கொடுப்பேன். நிறுத்திய நாட்களில் அதே மாதிரி வெள்ளையாக ஒரு சத்து மாத்திரை. அவள் கையை நீட்டி வாங்கி, தண்ணீர் குடித்து, வாயைத் திறந்து காட்டுவாள். கார்டினாலைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு நிற்காமல் வந்து ஆளையே கொண்டுபோகும் என்று எனக்குத் தெரியாதா? புதிதாக வருகிற நர்ஸுகளுக்கு முதல் வாரமே அந்தப் பாடத்தை நடத்தினவள் நான். தெரிந்துதான் செய்தேன். நிறுத்தாவிட்டால் டாக்டர் எதைப் பார்ப்பார்?

மாஜிஸ்திரேட் முன்னால் இன்னொரு முறை சொல்ல வேண்டும் என்கிறீர்கள். சொல்கிறேன், ஒரு வார்த்தை மாறாது. ரைட்டர் எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். கொலை என்று எழுதியிருக்கிறாரா, இருக்கட்டும். தூக்கு என்றாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் பாருங்கள், இவரும் "வலிப்பு வந்து" என்று மொட்டையாகவே எழுதியிருக்கிறார். அதை அடித்துவிட்டு, சூடான தண்ணீரைத் தலையில் ஊற்றியதால் வருகிற தனி வகை வலிப்பு என்று எழுதச் சொல்லுங்கள். அதைக் கண்டுபிடித்தது கஸ்தூரியம்மாள் என்றும் எழுதச் சொல்லுங்கள். உடனே கையெழுத்துப் போடுகிறேன்.

சாட்சி வேண்டுமா என்று கேட்காதீர்கள். பூமாரி இருந்திருந்தால் அவளே வந்து எனக்காகச் சொல்லியிருப்பாள்.